சுரைக்குடுக்கை முகமூடி: ஒரு பழைய படத்தின் வழியே ஹவாய்த் தீவுகளை அறிதல்

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றில், சட்டம் போட்ட பழைய அச்சுப் படம் ஒன்றை வாங்கி மதுரைக்குக் கொண்டுவந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தலை முழுவதையும் மூடிய முகமூடி, அதன் உச்சியில் செருகிய இலைக்கொத்து, தாடையிலிருந்து தாடிபோல் தொங்கும் துணிக் கீற்றுகள், இத்தனையோடும் ஒரு மனிதன். கீழே "சாண்ட்விச் தீவுகளின் மனிதன், முகமூடியுடன்" என்று பொருள்படும் ஆங்கில வரி. இது எந்தத் தீவு என்றும், இத்தகைய படங்களை நம்பி அந்த மக்களைப் பற்றி எதையாவது உண்மையாகத் தெரிந்துகொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. இரண்டாவது கேள்வியோடு நான் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். ஆகவே அதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

சாண்ட்விச் தீவுகள் என்பது இன்றைய ஹவாய். பிரிட்டிஷ் கடற்படை அமைச்சராக இருந்த சாண்ட்விச் பிரபுவின் பெயரை கேப்டன் ஜேம்ஸ் குக் 1778இல் அத்தீவுகளுக்குச் சூட்டினார். குக்கின் மூன்றாவது பயணத்தில் (1776–1780) ஓவியராகச் சென்றவர் ஜான் வெப்பர். லண்டனில் பிறந்தவர், தந்தை சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சிற்பி. உங்கள் படத்தின் மூல ஓவியம் அவர் கையால் வரையப்பட்டது. பயணத்தின் அதிகாரபூர்வமான வரலாறு 1784இல் மூன்று தொகுதிகளாகவும் தனிப் படத்தொகுப்பாகவும் லண்டனில் வெளிவந்தது. மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தது. அதன் பிறகு ஐரோப்பாவின் பல நகரங்களில் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் செதுக்கி அச்சிட்டார்கள். உங்களிடம் இருப்பது அந்தக் காலத்துச் செப்புத் தகட்டு அச்சா, பிற்கால இயந்திர நகலா என்பதைச் சட்டத்தைப் பிரித்துத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தாளுக்குள், கையால் செய்ததன் அடையாளமாக, கம்பிக் கோடுகள் பெரும்பாலும் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது கறுப்பு என்பது கோடுகளாகவும் சிறு கீறல்களாகவும் இருக்க வேண்டும். ஒரே அளவான புள்ளிகளின் வரிசையாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சின் மறுபதிப்பு. 1784ஆம் ஆண்டுப் படங்கள் வண்ணமின்றி வெளியானவை. ஆகவே உங்கள் படத்தில் வண்ணம் இருந்தால், அது பின்னால் வந்த ஒரு வியாபாரியோ உரிமையாளரோ தீட்டியதாகவே இருக்கும். அந்த வண்ணத்தை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி இரண்டாவது கேள்வி. இப்படிப்பட்ட ஒரு படம் உங்கள் கைக்கு வருவதற்குள் குறைந்தது மூன்று கைகளைக் கடந்திருக்கும். வெப்பர் கப்பல் மேல்தளத்திலோ கரையிலோ அமர்ந்து பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் அவசரமாக வரைந்தது ஒன்று. லண்டன் திரும்பியபின் அச்சுக்காகச் சீர்செய்து வரைந்தது இன்னொன்று. அதைப் பார்த்துச் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கியவரின் வேலை மூன்றாவது. அந்தச் செதுக்குநர்களில் பார்டலோசி போன்ற பெரும் திறமைசாலிகள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஹவாயைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களுடைய கை பழகியது கிரேக்கச் சிலைகளிலும் இத்தாலிய ஓவியங்களிலும். ஆகவே தீவு மனிதரின் தோளும் தொடையும் பல இடங்களில் ரோமாபுரிச் சிலையின் தோளும் தொடையுமாகிவிடுகின்றன. கையில் இருக்கும் கருவி, இடுப்பில் இருக்கும் துணி, ஓடத்தின் கட்டு ஆகியவை அப்படி மாறுவதில்லை. பழக்கமில்லாத பொருளை வரையும்போது கை தன்னிச்சையாக ஓடாது, கண் சொல்வதைக் கேட்கும். பொருளை நம்புங்கள், உடலையும் முகபாவத்தையும் ஐயுறுங்கள் என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

இதை நான் கற்றது ஹவாய்ப் படங்களிலிருந்து அல்ல. நம் மதுரையின் படங்களிலிருந்து. தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் இங்கே வந்து வரைந்தார்கள். திருமலை நாயக்கர் மகாலை அவர்கள் இடிபாடாகக் காட்டியிருக்கிறார்கள். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் செய்வதற்கு முன் மகால் இருந்த நிலை அதுதான். அந்தப் படத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வாரநாள் காலையில் கூட்டமில்லாத நேரத்தில் மகாலுக்குள் நின்று வளைவு வளைவாக ஒப்பிட்டிருக்கிறேன். தூணின் பருமன், வளைவின் விளிம்பு, சுதை வேலையின் போக்கு ஆகியவற்றில் அவர்கள் மீது பெரிய குறை சொல்ல இடமில்லை. ஆனால் தூணடியில் நிற்கும் மனிதர்கள் தூணின் உயரத்தைக் காட்டுவதற்காக நிறுத்தப்பட்டவர்களாகத் தெரிகிறார்கள். யார், என்ன வேலையாக அங்கே வந்தார்கள் என்பதை அந்த முகங்கள் சொல்வதில்லை. நம் ஊரை நமக்குத் தெரியும் என்பதால் நம்மால் இதைப் பிரித்தறிய முடிகிறது. அந்த அளவுகோலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஹவாய்ப் படங்களுக்குப் போங்கள்.

இரண்டு இடங்களுக்கும் இடையே இன்னொரு கயிறும் ஓடுகிறது. புது மண்டபத்தின் தூண்களை அளந்து வரைந்த ஆடம் பிளாக்கடர் என்ற மருத்துவர், தம் விவரணையை சர் ஜோசப் பேங்க்ஸ் என்பவருக்குக் கடிதமாக எழுதினார். அது 1792இல் லண்டனில் அச்சானது. அந்தப் பேங்க்ஸ், குக்கின் முதல் பயணத்தில் உடன் சென்று 1769இல் தஹிதியில் தங்கியவர். குக்கின் இரண்டாவது பயண ஓவியரான வில்லியம் ஹாட்ஜஸ், தஹிதியின் போர் ஓடங்களை வரைந்த சில ஆண்டுகளுக்குப் பின் 1780இல் சென்னையில் வந்து இறங்கினார். பசிபிக் தீவுகளையும் நம் நாட்டையும் ஐரோப்பாவுக்குக் காட்டியவர்கள் ஒரே சிறு வட்டத்தினர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இரண்டு இடத்துப் படங்களிலும் ஒரே விதமான வானமும் ஒரே விதமான மரநிழலும் ஏன் வருகின்றன என்பது புரியும்.

படத்தின் அடியில் இருக்கும் பெயர்களையும் அதே கண்ணோடு படிக்க வேண்டும். பிளாக்கடரின் கடிதத்தில் நம் திருமலை நாயக்கர் 'ட்ரிமுல் நாயக்' ஆகியிருக்கிறார். அதே விதத்தில் ஹவாயின் அரசர் கலானிஓபுஊ, வெப்பரின் படத்தில் 'டெரியோபூ' ஆனார். 'ஓவைஹி' என்று எழுதப்பட்டிருப்பது ஹவாய்தான். அதன் முன்னால் நிற்கும் 'ஓ' பெயரின் பகுதி அன்று, "இது ஹவாய்" என்று சுட்டிச் சொல்லும் அவர்களுடைய இடைச்சொல். தஹிதி 'ஓட்டஹைட்டி' ஆனதும் அப்படியே. ககரமும் டகரமும், லகரமும் ரகரமும் அந்த மொழியில் ஒன்றுக்கொன்று மாறி ஒலித்ததால் அரசர் பெயரின் முற்பகுதி வந்தவர் காதில் 'டெரி' என்று விழுந்தது. தவறாக எழுதிய பெயருக்குள்ளும் அந்த மக்கள் பேசிய குரலின் தடம் இருக்கிறது என்பதால் எனக்கு இந்தப் பிழைகள் மீது ஒருவகை மதிப்பு உண்டு.

இப்போது உங்கள் முகமூடிக்கு வருவோம். அது ஒரு பெரிய சுரைக்குடுக்கை. கண்ணுக்கும் மூக்குக்கும் இடம் விட்டு வெட்டியிருக்கிறார்கள். உச்சியில் பச்சை இலைக் கொத்துகளைச் செருகியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அது அசையும் இறகுக் கொண்டைபோல் தெரிந்ததாம். கீழ் விளிம்பில் வரிசையாகத் தொங்குபவை மரப்பட்டைத் துணியின் கீற்றுகள். இதே முகமூடிகளோடு ஓடம் வலிக்கும் ஒரு கூட்டத்தையும் வெப்பர் தனியாக வரைந்திருக்கிறார். குக்கின் மறைவுக்குப் பின் பயண வரலாற்றை எழுதிய லெப்டினன்ட் ஜேம்ஸ் கிங், இந்த முகமூடியை இரண்டே முறைதான் கண்டதாகவும், அணிந்தவர்கள் ஓடத்தில் கப்பலருகே சிரித்துக்கொண்டும் கோமாளித்தனம் செய்துகொண்டும் வந்ததாகவும் குறித்திருக்கிறார். இது கல்லெறியிலிருந்து தலையைக் காக்கும் கவசமா, பொது விளையாட்டுக்கு உரியதா, வெறும் வேடிக்கை வேடமா என்பதைத் தங்களால் கேட்டறிய முடியவில்லை என்றும் அவரே எழுதுகிறார்.

படத்தை மறுபடி பாருங்கள். அதில் சிரிப்பு இருக்கிறதா? இருட்டான கண்துளைகளும் இறுகிய தோளுமாக ஒரு போர்வீரனின் தோற்றம்தான் இருக்கிறது. அருகில் இருந்தவர் எழுதியது சிரிப்பு. செப்புத் தகட்டில் ஏறியதோ கடுமை. தலைப்பும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்திருக்கிறது. இரண்டே முறை ஒரு கூட்டம் போட்டுவந்த கோலம், 'சாண்ட்விச் தீவுகளின் மனிதன்' என்று அந்நாட்டு மனிதருக்கே பொதுவான தோற்றமாகிவிட்டது. இதன் விளைவை உணர மதுரைக்காரருக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று மட்டும் ஊருக்குள் வந்த ஒரு வெளிநாட்டு ஓவியர், தலையில் குல்லாயும் இடுப்பில் சல்லடமும் அணிந்து, ஆட்டுத்தோல் துருத்தியால் நீர் பீய்ச்சும் ஓர் அடியவரை அப்படியே அழகாக வரைந்து, அடியில் "மதுரை மனிதன்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? படத்தில் ஒரு கோடு கூடப் பொய்யாக இருக்காது. ஆயினும் வருடம் முழுவதும் நாம் அப்படியே உடுத்தித் தெருவில் நடக்கிறோம் என்று தொலைதேசத்தார் நூறு வருடம் நம்பியிருப்பார்கள். அழகர் யார், நேர்த்திக்கடன் என்றால் என்ன என்பது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தே இருக்காது.

அதற்காக அந்தப் படத்தை ஒதுக்கிவிடவும் முடியாது என்பதுதான் இதில் என்னை விடாமல் இழுக்கும் விஷயம். அந்தக் காலத்துச் சுரைக்குடுக்கை முகமூடி ஒன்றுகூட இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. வெப்பரின் கோடுகளும் கிங்கின் சில வாக்கியங்களும் இல்லையென்றால் அப்படி ஒன்று இருந்தது என்பதே மறைந்திருக்கும். இன்று ஹவாய் மக்கள் இதே வடிவத்தைச் சிறியதாகச் செய்து காரின் கண்ணாடியருகே தொங்கவிடுகிறார்கள், பச்சை குத்திக்கொள்கிறார்கள். வலிமை என்று பொருள்படும் 'இகைகா' என்ற சொல்லால் அதை அழைக்கிறார்கள். வந்துபோன ஒருவர் வரைந்த படத்திலிருந்து தங்கள் மூதாதையரின் பொருளை அவர்களே மீட்டெடுத்துக்கொண்டது இது.

இறகு அங்கியின் கதை வேறு விதமானது. அங்கே படமும் பொருளும் இரண்டுமே எஞ்சின. வெப்பரின் இன்னொரு படத்தில், அரசர் கலானிஓபுஊ ஓடங்களில் காணிக்கைகளோடு குக்கைக் காண வருகிறார். தலைவர்கள் இறகு அங்கியும் கொண்டை வைத்த இறகுக் கவசமும் அணிந்திருக்கிறார்கள். 1779 ஜனவரி 26 அன்று அரசர் தாம் போர்த்தியிருந்த அங்கியைக் கழற்றிக் குக்கின் தோளில் போர்த்தி, தலைக்கவசத்தையும் அவர் தலையில் சூட்டினார். மூன்று வாரம் முடிவதற்குள், பிப்ரவரி 14 அன்று, திருடுபோன ஒரு படகுக்காக அதே அரசரைப் பிணையாகப் பிடித்துச் செல்ல முயன்றபோது மூண்ட கைகலப்பில் குக் கொல்லப்பட்டார். அங்கி இங்கிலாந்துக்குப் போய்க் கைமாறிக் கைமாறி, 1912இல் நியூசிலாந்தின் வெலிங்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்று, 2016இல் ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. 237 ஆண்டுகள். கறுப்புக் கோடுகளால் ஆன படம் சொல்ல முடியாததை அந்த அங்கி சொல்கிறது: சிவப்பு, 'இஇவி' என்னும் சிறு பறவையின் இறகு, மஞ்சள், 'ஓஓ', 'மாமோ' என்னும் கறுப்புப் பறவைகளின் உடலில் அங்கங்கே மட்டும் இருந்த சில இறகுகள். காட்டுக்குள் கிளையில் பிசின் தடவிப் பறவையைப் பிடித்து, இறகை எடுத்து, 'ஓலொனா' நாரில் பின்னிய நுண்ணிய வலையில் சிறுசிறு கொத்துகளாக அதைக் கட்டினார்கள். ஓர் அங்கிக்குப் பல தலைமுறைகளின் சேகரிப்பு தேவைப்பட்டது. ஓஓவும் மாமோவும் இன்று உலகில் இல்லை. அரசர் கழற்றிக் கொடுத்தது வெறும் அழகுப் பொருள் அல்ல என்பது இதை அறிந்த பிறகு அந்தப் படத்தைப் பார்ப்பவருக்குத் தானே விளங்கும்.

மற்றப் பொருள்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். படங்களில் இடுப்பிலும் தோளிலும் காணும் துணி நெய்யப்பட்டதன்று. காகித முசுக்கட்டை மரத்தின் உட்பட்டையை ஊறவைத்து மரக்கட்டையால் தட்டித் தட்டி அகலப்படுத்திய 'கபா'. மரவுரி என்று இராமகாதையில் கேட்டுக் கேட்டு நாம் முரட்டுத் துணியாகக் கற்பனை செய்து வைத்திருக்கிறோம்; கபாவோ மெல்லியது, வண்ண அச்சுப் பதித்தது. நடனமாடும் ஒருவரின் படத்தில் காலில் சதங்கைபோல் தெரிவது நாய்ப்பற்களைக் கோத்த அணி. கையில் இருப்பது இறகு சூடிய கிலுகிலுப்பை. காணிக்கை ஓடத்தில் ஏற்றி வந்த கிழங்கு நம் வீட்டுச் சேப்பங்கிழங்கின் இனமேதான்; அதை வேகவைத்து இடித்துக் கூழாக்கிய 'போய்' அவர்களுடைய அன்றாட உணவு.

ஓடத்தைப் பற்றி மட்டும் இன்னும் சிறிது. வெப்பரின் படத்தில் இரண்டு ஓடங்களைக் குறுக்குக் கட்டைகளால் இணைத்து, நண்டுக் கொடுக்கு வடிவில் பாய் விரித்திருக்கிறார்கள். இந்த இரட்டை ஓட வகையை உலகம் இன்று 'கேட்டமரான்' என்கிறது. அது நம் கட்டுமரத்தின் பெயர். நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், அவர்களுடையது இரட்டை ஓடம். பொருள் வேறாயினும் சொல் இங்கிருந்து போனது. பசிபிக் தீவினர் வழிதவறி அடித்துச் செல்லப்பட்டே தீவுகளை அடைந்திருப்பார்கள் என்று இருபதாம் நூற்றாண்டின் அறிஞர் சிலர் வாதிட்டபோது, ஹவாய் வம்சாவளி ஓவியரான ஹெர்ப் கானே பழைய ஓடங்களின் வடிவத்தை ஆராய்ந்து வரைந்து, நண்பர்களோடு 'ஹோகுலேஆ' என்ற இரட்டை ஓடத்தை உருவாக்கினார். 1975இல் அது கடலில் இறங்கியது. 1976இல், சட்டவால் தீவைச் சேர்ந்த மாவ் பியைலுக் என்ற மாலுமி எந்தக் கருவியும் இல்லாமல், விண்மீனையும் அலையின் போக்கையும் மட்டும் பார்த்து அதை ஹவாயிலிருந்து தஹிதி வரை செலுத்தினார்.

வெப்பருக்கு அடுத்து நீங்கள் தேட வேண்டிய பெயர் லூயி கோரிஸ். ரஷ்யக் கப்பலில் 1816இல் வந்தவர். அவருடைய படங்கள் 1822இல் பாரிசில் கல்லச்சில் வெளிவந்தன. தீவுகளை ஒன்றாக்கி ஆண்ட முதலாம் கமேஹமேஹாவை அவர் நேரில் வரைந்தார். நாட்டு உடையில் வரையவே ஓவியருக்கு விருப்பம். அரசரோ வெள்ளைச் சட்டையும் கையில்லாச் சிவப்பு மேற்சட்டையும் கழுத்துத் துணியுமாக வந்து அமர்ந்தார். தம்மை எப்படிக் காட்ட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்துகொண்ட அந்த அரசரை நினைக்கும்போதெல்லாம், 'அசல்' தோற்றத்தைத் தேடி இத்தகைய படங்களைப் புரட்டும் நம்மைப் போன்றவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று தோன்றும். 1819இல் அவர் மறைந்ததும் பழைய சமய ஒழுங்கு கைவிடப்பட்டுக் கோயில்கள் இடிக்கப்பட்டன, திருவுருவங்கள் எரிக்கப்பட்டன. கைலுவா கடற்கரையில் அவருடைய அஹுஏனா கோயிலை 1970களில் மறுபடி கட்ட முனைந்தபோது துணைநின்றவை கோரிசின் சித்திரங்கள்.

இவ்வளவும் வந்தவர்கள் பார்த்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதியதையும் சேர்த்துப் படிக்காமல் நிறுத்திவிடாதீர்கள். டேவிட் மாலோ, சாமுவேல் கமகாவு இருவரும் ஹவாய் மக்கள்; தங்கள் மொழியிலேயே தங்கள் வழக்கங்களையும் வரலாற்றையும் எழுதினார்கள், அவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்புகளும் உண்டு. 1831இல் தொடங்கிய லஹைனாலுனா பள்ளியில் ஹவாய் மாணவர்களே செப்புத் தகட்டில் செதுக்கக் கற்று, தங்கள் ஊர்களின் காட்சிகளைத் தாமே அச்சிட்டார்கள். கோடு சற்றுத் தடுமாறும், தூரமும் அருகும் சில இடத்தில் குழம்பும். ஆனால் வீடு எங்கே இருக்கிறது, தோட்டம் எங்கே இருக்கிறது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. பார்டலோசியின் வழவழப்பான தகட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு அந்தத் தடுமாறும் கோட்டின் மீதுதான் கண் நிற்கும்.

கடைசியாகப் படத்தின் பராமரிப்பு. மதுரை வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மாத ஈரமும் பழைய தாளுக்குப் பகை. மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். பின்னால் மரப்பலகையோ செய்தித்தாளோ வைத்திருந்தால் எடுத்துவிட்டு, அமிலம் இல்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி தாளை நேரடியாகத் தொடாமல் நடுவே இடைவெளி இருக்கட்டும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். காரைக்குடியில் எந்தக் கடையில், என்றைக்கு வாங்கினீர்கள், அது எந்த வீட்டிலிருந்து வந்ததாகக் கடைக்காரர் சொன்னார் என்பதைப் பென்சிலால் எழுதி வையுங்கள். படத்தின் முதுகில் அல்ல, புதிய அட்டையின் முதுகில்.